வலது பக்கச் செம்பு

பிள்ளைகளே, போன வாரம் பெரியவள் பள்ளிக்கூடப் பாடத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தபோது நான் பாதியில் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டேன். "பப்பாவுக்குக் கோவம்" என்று சின்னவன் உங்கள் அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. கோபம் இல்லை. என்ன என்று வாயால் சொல்ல ஆரம்பித்தால் நடுவில் நின்றுவிடுவேன். அதனால் எழுதுகிறேன். கோவில் பள்ளிக்கூடத்தில் படித்த தமிழ்தான் எனக்குக் கைவந்த எழுத்து. பிழை இருந்தால் உங்கள் தமிழ் வாத்தியாரிடம் காட்டிக் கொடுக்காதீர்கள்.

பெரியவள் படித்தது இதுதான். ஒரே எடை இரும்பையும் தண்ணீரையும் ஒரே நெருப்பில் வைத்தால் இரும்பு சட்டென்று சூடாகிவிடும். தண்ணீர் மெல்லத்தான் சூடாகும். ஒவ்வொரு பொருளும் ஒவ்வொரு அளவு சூட்டை வாங்கிக்கொண்ட பிறகுதான் சுட ஆரம்பிக்கும். தண்ணீர் நிறைய வாங்கும், இரும்பும் பித்தளையும் கொஞ்சம்தான் வாங்கும். அதே தண்ணீரும் அளவு குறைந்தால் சீக்கிரம் சூடாகிவிடும். படித்து முடித்துவிட்டு அவள் புத்தகத்தைத் தட்டி, "பாதிக் கெட்டில் சீக்கிரம் கொதிக்கும், முழுக் கெட்டில் லேட்டாக் கொதிக்கும். இது யாருக்குத் தெரியாது? இதுக்கு ஒரு பாடம்!" என்றாள். நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். நான் எழுந்தது அப்போதுதான்.

யாருக்குத் தெரியாது? என் அம்மாவுக்கும் தெரியும். அவசரமான காலைகளில் அவள் பாதிக் கெட்டில் தண்ணீர்தான் வைப்பாள்.

என் அம்மாவை உங்களுக்கு நினைவிருக்கும். தேநீரில் பால் விடமாட்டாள். சின்னவன் வேண்டுமென்றே அவள் கோப்பையில் பால் ஊற்றப் போவதும், அவள் கோப்பையைக் கையால் மூடிக்கொள்வதும் உங்களுக்கு ஒரு விளையாட்டு. கோவிலுக்கு வந்தால் மதிலுக்கு வெளியே மாமரத்தடியில் நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவாள். கால் வலி என்று நீங்கள் நினைத்தீர்கள். நானும் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தேன். சாமி அலமாரியின் மேல்தட்டில் கவிழ்த்து வைத்திருந்த பித்தளைச் செம்பை மட்டும் யாரையும் தொட விடமாட்டாள். இந்த மூன்றும் ஒரே நாளில் வந்தவை.

பெரிய சண்டை நடந்துகொண்டிருந்த காலம் அது. வெள்ளைக்காரன் படைக்கு வேலை செய்ய ஆள் எடுத்தபோது அப்பா பெயர் கொடுத்துக் கடல் தாண்டிப் போய்விட்டார். எங்கே என்று கேட்டால் "மணல் இருக்கிற எடம்" என்பாள் அம்மா. அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். கப்பல் வராததால் அரிசி கிடையாது. சோள மாவையும் மரவள்ளி மாவையும் கலந்து சுட்டதற்கு ரொட்டி என்று பெயர். சூடாக இருந்தால் ரொட்டி, ஆறினால் ஓடு. லாங் மவுண்டனில், மலையடிவாரத்தில், கரும்புக்கு நடுவில் எங்கள் வீடு. அம்மா, நான், தம்பி, அப்பாவின் தங்கையான அத்தை. மாடு ஒன்று.

தம்பிக்கு அப்போதுதான் பேச்சு வந்திருந்தது. தமிழ் வரவில்லை, இந்தத் தீவில் எல்லோரும் பேசுகிற கிரியோல்தான் வந்தது. பாலுக்கு "திலே", இன்னும் வேண்டும் என்றால் "ஆங்கோர்". எதைக் கொடுத்தாலும் வாய்க்குள் போகும் முன்னே "ஆங்கோர்" சொல்லிவிடுவான். "உன் வயித்துல கப்பலே வந்து நிக்கலாம்டா" என்று அத்தை கேலி செய்வாள். விளக்குமாற்றுக் குச்சியின் இரண்டு முனையிலும் காலி டப்பாக்களைக் கட்டித் தோளில் வைத்துக்கொண்டு முற்றத்தைச் சுற்றுவான். அது அவன் காவடி. டப்பாக்கள் குலுங்கும் சத்தத்தில் கோழிகள் ஓடும்.

அந்த வருஷம் மழைக்காலத்தில் அவனுக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. வரும், நடுக்கும், போகும், மறுபடி வரும். ஆஸ்பத்திரியில் கொடுத்த கசப்பு மருந்தைத் துப்பிவிட்டான். வயிற்றின் இடது பக்கம் கல் மாதிரி வீங்கியது. தைப்பூசம் நெருங்கியபோது எழுந்து உட்காரவும் முடியவில்லை. அம்மா காவடி எடுப்பதாக நேர்ந்துகொண்டாள். மலையடிவாரத்துக் கோவிலில் கொடி ஏறிய நாளிலிருந்து பத்து நாள் விரதம். ஒரு வேளைச் சாப்பாடு, தரையில் படுக்கை, குளிர்ந்த தண்ணீரில் குளியல். அவளுக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது: பிள்ளை எழுந்து நடக்கவேண்டும்.

நம் ஊர்க் காவடி உங்களுக்குத் தெரியும். இரண்டு முனையிலும் இரண்டு செம்பு தொங்கும். பாலை நிரப்பிக் கட்டி, ஆற்றங்கரையிலிருந்து கோவில்வரை கொளுத்தும் வெயிலில் நடப்போம்; தை மாதம்தான் இங்கே கோடை. சன்னிதியில் செம்பைத் திறக்கும்போது பால் திரியாமல் இருக்கவேண்டும். திரியாமல் இருந்தால் சாமி ஏற்றுக்கொண்டார். திரிந்திருந்தால் விரதத்தில் குறை. இதை யாரும் எங்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. தெருவில் மழை பெய்தால் நனைவோம் என்பது போல அது தெரிந்திருந்தது.

பூசத்தன்று விடிந்ததும் அம்மா மாட்டைக் கறந்தாள். எங்கள் மாடும் எங்களைப் போலத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. சரியாக இரண்டு செம்புக்குத்தான் பால் வந்தது. இரண்டையும் கழுத்துவரை நிரப்பி வாழையிலையால் வாயை மூடிக்கொண்டிருந்தாள். அப்போது உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

"திலே."

மூன்று நாளாக வாயில் ஒன்றும் வைக்காத பிள்ளை. அம்மா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். மறுபடி, "திலே."

அத்தை அவளைப் பார்த்தாள். அவள் செம்பைப் பார்த்தாள். பிறகு வலது கைப்பக்கம் இருந்த செம்பின் இலையை எடுத்து, உள்ளே விரல் படாமல், ஒரு தம்ளரில் சாய்த்து ஊற்றினாள். தம்பி குடித்தான். குடித்துவிட்டு, "ஆங்கோர்" என்றான். இன்னொரு தம்ளர் ஊற்றினாள். செம்பு பாதியாகிவிட்டது. மறுபடியும் "ஆங்கோர்" என்றபோது அவள் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "போதும்டா ராசா. சாமிக்குக் குடுத்துட்டு வந்து உனக்குத் தரேன். சாமி பாலு. அது இதைவிட இனிக்கும்" என்றாள். அவன் சரி என்பது போல் கண்ணை மூடிக்கொண்டான்.

அத்தை நடைமுறை தெரிந்தவள். "அண்ணி, கொஞ்சம் தண்ணி விட்டு ரொப்பிடுங்க. இல்லேன்னா ஒரு பக்கம் சாஞ்சிக்கும்."

"சாமி பால்ல தண்ணியா?"

"சாமி வந்து கரண்டி போட்டா பாக்கப் போறாரு?"

"மனுஷனை ஏமாத்தினாக்கூடப் பரவாயில்ல. சும்மா இரு." அம்மா பாதிச் செம்பை அப்படியே கட்டினாள். காவடி இடது பக்கம் சாய்ந்தது. வலது முனையில் ஒரு தேங்காயைச் சேர்த்துக் கட்டிச் சரிசெய்தாள். அத்தை தம்பியுடன் வீட்டில் தங்கினாள். நான் அம்மாவுடன் போனேன்.

ஆற்றங்கரையில் பூ கட்டி, தென்னங்குருத்து கட்டி, ரோஜாநிறச் சேலையில் அம்மா காவடியைத் தோளில் வைத்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. சாமியே எங்கள் வீட்டிலிருந்து கிளம்பியது போல இருந்தது. ஊர்வலம் மெல்லத்தான் நகரும். முன்னால் யாருக்காவது அருள் வந்தால் எல்லோரும் நிற்கவேண்டும். வெயில் ஏறிக்கொண்டே போனது. செருப்பு இல்லாத காலில் எனக்கு அன்றைக்கு ஒரு விஷயம் தெரிந்தது. கறுப்புக் கல் சுட்டது. கரும்பு வண்டி போகிற தண்டவாளத்தைக் கடக்கும்போது தெரியாமல் இரும்பில் கால் வைத்துவிட்டுக் கத்தினேன். பக்கத்திலேயே வாய்க்கால். அதில் காலை விட்டால் குளிர்ந்தது. எல்லாவற்றின் மேலும் ஒரே வெயில்தான்.

"மா, இரும்பு மட்டும் ஏன் இப்படிச் சுடுது? தண்ணி சுடலியே?"

அம்மாவின் உதடு காய்ந்திருந்தது. ஆனாலும் சிரித்தாள். "தண்ணிக்குப் பொறுமை ஜாஸ்திடா."

அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. எதற்கு எவ்வளவு பொறுமை என்று தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன். வேலிக் கம்பிக்குப் பொறுமையே இல்லை. புல்லுக்கு நிறைய உண்டு. நிழலுக்காக நின்ற ஓர் இடத்தில் காவடிச் செம்புகளையும் தொட்டேன். இடது செம்பு வெதுவெதுப்பாக இருந்தது. வலது செம்பில் வைத்த கையை உடனே எடுத்துவிட்டேன்.

"மா, இது சுடுது. அது சுடல."

அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. அவள் முகம் மட்டும் மாறியது. "சாமி வந்துட்டாருடா," என்றாள். "நம்ம காவடியில ஏறி உக்காந்துட்டாரு." அதன் பிறகு அவள் நடை வேகமானது. "வேல் வேல்" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு நடந்தாள். கல்லும் தாரும் அவள் காலுக்குத் தெரியவில்லை. என் அம்மாவை அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

கோவிலில் வரிசையாகக் காவடிகளை இறக்கினார்கள். பூசாரி ஒவ்வொரு செம்பாகத் திறப்பார், கூட்டம் எட்டிப் பார்க்கும், "அரோகரா" என்னும். எங்கள் இடது செம்பைத் திறந்தார். பால் வெள்ளையாக, மழமழவென்று இருந்தது. அரோகரா. வலது செம்பின் இலையை எடுத்தார்.

கட்டிகட்டியாகத் திரிந்து, மேலே மஞ்சள் தண்ணீர் நின்றது.

கூட்டம் எட்டிப் பார்த்தது. பிறகு பின்னாலிருந்து ஒருத்தி, "ஒரு பக்கம் நல்லா இருக்கு, ஒரு பக்கம் திரிஞ்சிருக்கு. இது என்ன கணக்கு?" என்றாள். "என்ன கணக்கா? புருஷன் ஊர்ல இல்ல. விரதம் எப்படி இருந்தாளோ," என்று இன்னொருத்தி சொன்னாள். யாரோ சிரித்தார்கள்.

"வாயை மூடுங்கம்மா," என்றார் பூசாரி. நல்ல மனிதர்தான். அம்மாவிடம் குனிந்து மெதுவாகக் கேட்டார். "ஏதாச்சும் கொறை நடந்துச்சா தாயி?"

அம்மா எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். "நடந்துச்சு சாமி. இந்தச் செம்புலேருந்துதான் பிள்ளைக்குக் குடுத்தேன். சாமிக்கு முன்னாடி குடுத்துட்டேன்."

எந்தச் செம்பிலிருந்து எடுத்தாளோ அந்தச் செம்புதான் திரிந்திருந்தது. தொடாத செம்பு நன்றாக இருந்தது. கடவுளே வந்து விரல் நீட்டிக் காட்டினாலும் இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. பூசாரி வலது செம்பைத் தள்ளி வைத்தார். இடது செம்புப் பாலை அபிஷேகத்துக்கு எடுத்துக்கொண்டார். வலது செம்பை அம்மா தானே தூக்கிப்போய் மதிலுக்கு வெளியே மாமரத்தடியில் கவிழ்த்தாள். கடைசிச் சொட்டுவரை விழட்டும் என்று அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். கோவிலுக்குள் அவள் திரும்பி வரவில்லை. பூசாரிதான் பிரசாதப் பாலை ஒரு தம்ளரில் ஊற்றி என் கையில் கொடுத்தனுப்பினார்.

வீட்டுக்கு வரும் வழியில் தம்ளரை நான்தான் பிடித்துக்கொண்டு வந்தேன். தம்பிக்கு என்று நினைத்துச் சிந்தாமல் வந்தேன். வாசலில் அத்தை, "காய்ச்சல் ஏறிப்போச்சு அண்ணி. ஆனா முழிச்சிக்கிட்டுத்தான் இருக்கான். உங்களைத்தான் பாத்துக்கிட்டு இருக்கான்" என்றாள். நான் தம்ளரை நீட்டினேன். தம்பி பார்த்துவிட்டான்.

"ஆங்கோர்," என்றான்.

அம்மா என் கையிலிருந்து தம்ளரை வாங்கி சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டாள்.

"அண்ணி, சாமி பாலுதானே? குடுங்க. தரேன்னு சொல்லிட்டுப் போனீங்களே."

"வேணாம்."

"புள்ள கேக்குது அண்ணி!"

"ஒரு தடவை எடுத்ததுக்கே மூஞ்சிலே அடிச்சிட்டாரு. ரெண்டாவது தடவையும் எடுத்தா பிள்ளையையே எடுத்துக்குவாரு. வேணாம்." துணியைத் தண்ணீரில் நனைத்து அவன் உதட்டில் வைத்தாள். அவன் துணியைத் தள்ளினான். பொழுது சாயும்வரை அந்தத் தம்ளரைப் பார்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு கேட்கவில்லை. அம்மா அதை நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொண்டாள். "பாத்தியா, அடங்கிட்டான்" என்றாள்.

மறுநாள் காலையில் அவன் இல்லை.

அவனைக் குளிப்பாட்டும்போது அம்மா சாமி படத்துக்கு முன்னால் இருந்த தம்ளரை எட்டிப் பார்த்தாள். அதுவும் திரிந்திருந்தது. தை மாதத்தில் ஒரு நாள் முழுக்கத் திறந்து கிடந்த பால் வேறு எப்படி இருக்கும்? ஆனால் அன்றைக்கு அந்த வீட்டில் அப்படிக் கேட்க ஆள் இல்லை. அம்மா தம்ளரைப் பார்த்து, தெரிந்த பதிலையே மறுபடி கேட்டது போல, மெல்லத் தலையசைத்தாள்.

குழந்தை என்பதால் எரிக்கவில்லை. ஊர் இடுகாட்டில், சவுக்கு மரங்களின் பக்கம் குழி வெட்டினார்கள். மண்ணைத் தள்ளும்போது எனக்குத் தோன்றியதை உங்களிடம் மறைக்கவில்லை. இவன் முந்தின நாள் காலையில் "ஆங்கோர்" சொல்லாமல் இருந்திருக்கலாம் என்றுதான் தோன்றியது. அந்த வயதில் எனக்குத் தெரிந்த நியாயம் அது. தண்டவாளத்தில் சுட்டுக்கொண்ட கால் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. வாய்க்கால் தண்ணீரின் பொறுமையைத் தொட்டுப் பார்த்திருந்தேன். இரண்டு செம்பையும் என் கையாலேயே தொட்டுப் பார்த்திருந்தேன். கேள்வியும் பதிலும் ஒரே உள்ளங்கையில் இருந்தன. இரண்டையும் சேர்க்கத் தெரியவில்லை.

சண்டை முடிந்து அப்பா வந்தார். மணல் பட்டுக் கறுத்த முகத்தோடு வந்து, "சின்னவன் எங்க?" என்று கேட்டார். அம்மா எல்லாவற்றையும் சொன்னாள். அவன் செத்தது காய்ச்சலால் என்று மட்டும் சொல்லவில்லை. "நான் குடுத்துட்டேன்" என்றே சொன்னாள். அப்பா ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவளுக்குச் சண்டை போட ஓர் ஆள் கிடைத்திருப்பார். இடது செம்பைக் கோவிலுக்கே கொடுத்துவிட்டாள். வலது செம்பைக் கவிழ்த்து வைத்தாள். பாலை விட்டாள். கோவிலுக்குள் போவதை விட்டாள். நானும் வளர்ந்து, மணம் முடித்து, நீங்கள் பிறந்து ஓடி விளையாடும் காலம்வரை அவள் அப்படியே இருந்தாள். போன வருஷம் மழைக்காலத்தில் அவளும் போய்விட்டாள். இந்த வருஷம் பெரியவளின் வகுப்புக்கு அந்தப் பாடம் வந்தது.

பாடம் என் அம்மாவை விடுவித்துவிட்டது என்று நீங்கள் நினைக்கலாம். கொல்லையில் நின்று நானும் அப்படி நினைக்கப் பார்த்தேன். முடியவில்லை. பிள்ளைக்குக் கொடுக்காமல் இருந்திருந்தால் செம்பு நிறைந்திருக்கும், பால் திரிந்திருக்காது. அத்தை சொன்னபடி தண்ணீர் கலந்து ஏமாற்றியிருந்தாலும் செம்பு நிறைந்திருக்கும், அப்போதும் திரிந்திருக்காது. என் அம்மா அந்தக் காலையில் இரண்டு நல்ல காரியம் செய்தாள். பசித்த பிள்ளைக்குக் கொடுத்தாள், சாமியிடம் பொய் சொல்லவில்லை. அந்த இரண்டாலும்தான் பால் திரிந்தது. வெயிலுக்குக் காரணம் வேண்டியதில்லை. அதற்குச் செம்பில் எவ்வளவு இருக்கிறது என்பது மட்டும்தான் கணக்கு. சாமி கோபித்தார் என்று நினைத்துக்கொண்டு அவள் இத்தனை வருஷம் இருந்தாள். கோபிக்க அங்கே யாருமே இல்லை என்று நான் போய்ச் சொல்லியிருந்தால் அவளுக்கு அது ஆறுதலாக இருந்திருக்குமா, எனக்குத் தெரியவில்லை. தம்பி எப்படியும் பிழைத்திருக்கமாட்டான். காய்ச்சல் அப்படி. ஆனால் அந்தத் தம்ளரைக் குடித்துவிட்டுப் போயிருப்பான்.

அவசரத்துக்குப் பாதிக் கெட்டில் வைத்த கைதான் அந்தச் செம்பையும் கட்டியது. அடுப்புக்கு ஒரு நியாயம், காவடிக்கு ஒரு நியாயம் என்று நாங்கள் எல்லோரும்தான் வைத்திருந்தோம். கொடி மாறப் போகிறது, நாடு நம்முடையதாகப் போகிறது என்று ஊரெல்லாம் பேசுகிறார்கள். நீங்கள் நிறையப் படிப்பீர்கள். படிக்கும்போது சிரியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. "யாருக்குத் தெரியாது" என்று மட்டும் சொல்லாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் உங்கள் அம்மாவோடு குட்லண்ட்ஸ் சந்தைக்குப் போயிருந்தபோது நான் அலமாரியிலிருந்து அந்தச் செம்பை எடுத்தேன். உள்ளே தூசிகூட இல்லை. அன்று கறந்த பாலைக் கழுத்துவரை ஊற்றி, வாழையிலையால் மூடிக் கட்டினேன். உச்சி வெயிலில் செருப்பைக் கழற்றிவிட்டு, ஆற்றங்கரை போய், அங்கிருந்து அதே வழியில் தண்டவாளத்தைத் தாண்டிக் கோவில்வரை நடந்தேன். உள்ளே போகவில்லை. அங்கிருந்து திரும்பி இடுகாட்டுக்குப் போனேன். தம்பியின் இடம் எதுவென்று இப்போது சரியாகத் தெரியாது. அந்தச் சவுக்கு மரங்களில் பாதி புயலில் போய்விட்டன. ஒரு குத்துமதிப்பாக உட்கார்ந்து இலையை அவிழ்த்தேன்.

பால் திரியவில்லை.

ஒரு தம்ளர் அளவு ஊற்றினேன். மண் குடித்தது. இன்னொரு தம்ளர் அளவு ஊற்றினேன். அதற்குப் பிறகு நிறுத்தாமல், செம்பு காலியாகும்வரை ஊற்றினேன்.

வீட்டுக்கு வந்து செம்பைக் கழுவித் துடைத்து, பழைய இடத்திலேயே நிமிர்த்தி வைத்தேன்.